கிராக்கா, லைசென்ஸா, கட்டற்ற மென்பொருளா? நாற்காலிக்கு ஒரு கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து அச்சகக்காரர், டிராவல்ஸ் வைத்திருப்பவர், ஜவுளி மொத்த வியாபாரி, பட்டறைக்காரர் என்று யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். இருக்கிற நான்கைந்து கம்ப்யூட்டரும் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்கினால் விண்டோஸ், ஆஃபீஸ், டேலி, போட்டோஷாப், கோரல் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வாங்கியாக வேண்டுமா? வழக்கமாக வருகிற சர்வீஸ் பையனே எல்லாவற்றின் கிராக்கையும், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகலை, ‘ஏற்றி’ விட்டுப் போகட்டுமா? இல்லை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், எம்எஸ் ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் என்று கட்டற்ற மென்பொருள் சொல்கிறார்களே, அந்தப் பக்கம் போய்விடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்த அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள், ஒவ்வொரு நாற்காலிக்கும் தனியாக முடிவெடுங்கள். பில் போடுகிற நாற்காலிக்குச் சரியாக இருப்பது டிசைன் நாற்காலிக்கு ஒத்துவராது. “முழுக்க லினக்ஸ்” என்று கிளம்பியவர்களும் “எல்லாமே ஒரிஜினல்” என்று கிளம்பியவர்களும் பாதியில் கிராக்குக்கே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

கோப்பு. உங்கள் கடைக்கு வெளியிலிருந்து என்ன வடிவத்தில் வேலை வருகிறது, இங்கிருந்து என்ன வடிவத்தில் போகிறது? பிடிஎஃப் மட்டும் போனால் போதும் என்றால் உங்கள் கை கட்டப்படவே இல்லை. வாடிக்கையாளர் சிடிஆர் கோப்பு (கோரலில் வரைந்த கோப்பு) அனுப்பி, திருத்திய சிடிஆரையே திருப்பிக் கேட்டால் கதை வேறு.

தமிழ். பழைய எழுத்துருவில் வருஷக்கணக்கில் சேர்ந்துபோன கோப்புகள் இருக்கின்றனவா?

ஐந்து வருஷச் செலவு. வாங்குகிற அன்று கொடுப்பதோடு புதுப்பிப்பு, பழுது, பழகும் நாட்கள், நின்றுபோகும் வேலை எல்லாம் இதில் சேரும்.

சட்டமும் ஆடிட்டரும். நீங்கள் தனி உரிமையாளரா, பிரைவேட் லிமிடெடா என்பதைப் பொறுத்து இதன் எடை மாறும்.

ஆள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கோ பையனுக்கோ அது தெரிந்திருக்குமா? இரவு ஏழு மணிக்குக் கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

## கிராக் காப்பி

கையிலிருந்து காசு போகாது, எல்லோருக்கும் பழகிய மென்பொருள், வாடிக்கையாளர் அனுப்புவது அப்படியே திறக்கும். கோப்பு, ஆள் என்ற இரண்டு அளவுகோலிலும் இது நன்றாகத் தேறுகிறது என்பதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷமாக ஓடுகிறது.

மறைந்திருக்கும் விலையைப் பார்க்க ஒரு வேலை செய்யுங்கள். கிராக் ஏற்றிய ஒரு மெஷினில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘ஸ்கேன் செய்யாதே’ என்று விலக்கி வைத்த ஃபோல்டர்களின் பட்டியலைப் பாருங்கள். பிறகு, எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கிற ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முதலாவதில் சில ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றுக்குள் எது வந்தாலும் ஆன்டிவைரஸ் கண்டுகொள்ளாது. இரண்டாவதில், போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியின் சரிபார்ப்பு முகவரிகள் வரிசையாக முடக்கப்பட்டிருக்கும். கிராக்கோடு வருகிற குறிப்பிலேயே “முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்” என்றுதான் எழுதியிருக்கும். முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு, கம்பெனியின் நெட் பேங்கிங் திறக்கிற அதே மெஷினில் முழு அனுமதி கொடுத்தாயிற்று. அதோடு, கிராக் உடைந்துவிடக் கூடாது என்று அப்டேட்டையும் நிறுத்தி வைப்பார்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. மாட்டிக்கொண்டது அதைப் போடாத மெஷின்கள்தான்.

சட்டம் பற்றி “சின்னக் கடையை யார் பிடிக்கப் போகிறார்கள்” என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பிடித்தால் என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, கூடவே 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை வைத்திருப்பவருக்கு அந்த வாசல் கிடையாது. 69-ஆம் பிரிவின்படி நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் இருப்பவரும் பதில் சொல்ல வேண்டும், “சர்வீஸ் பையன்தான் ஏற்றினான்” என்று நழுவுவது கடினம். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் போலீசுக்குப் போவதில்லை. சிவில் வழக்குப் போட்டு, நீதிமன்ற ஆணையரை நேரில் அனுப்பி மெஷின்களைப் பார்வையிடும் உத்தரவு வாங்குகிறார்கள். தில்லி உயர்நீதிமன்றத்தில் இப்படிப் பல வழக்குகள் நடந்திருக்கின்றன. துப்பு எங்கிருந்து போகும் என்று யோசித்தால், கோபத்தோடு வேலையை விட்டுப் போன ஆளிடமிருந்து போகும்.

ஆன்லைனில் 500, 600 ரூபாய்க்கு வருகிற ‘ஒரிஜினல் கீ’யையும் இந்தத் தலைப்பிலேயே சேர்க்கிறேன். அதில் நிறைய, ஏதோ பெரிய நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்த மொத்த உரிமத்திலிருந்து உருவி விற்பது. ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கிராக் சரியான தேர்வாக இருக்கும் இடம் எது? வியாபாரத்தில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. “பழகிப் பார்க்கத்தான்” என்பவர்களுக்கு நேர்வழியே இருக்கிறது. டேலியின் கல்விப் பதிப்பு இலவசம், மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும். மற்றவற்றில் பலவற்றுக்குச் சோதனைப் பதிப்பு உண்டு.

## காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ்

வாங்குகிற அன்று வலிக்கும். டேலி பிரைமின் ஒற்றை மெஷின் லைசென்ஸ் வரியோடு 26,000 ரூபாயைத் தாண்டுகிறது. அடோபி மாதவாடகையாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரு மாதம் கட்டாவிட்டால் நீங்கள் செய்த கோப்பையே நீங்கள் திறந்து திருத்த முடியாது.

ஆனால் விலைப்பட்டியலில் தெரியாத இரண்டு தள்ளுபடிகள் இருக்கின்றன, யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டி பதிவுதாரர் என்றால், மென்பொருளுக்குக் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்துக்கொள்ளலாம் (சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது). அடுத்து, வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டரும் மென்பொருளும் 40 சதவீதத் தேய்மானம் காட்டக்கூடியவை. கிராக்குக்கு பில் கிடையாது, ஆகவே இரண்டும் கிடையாது.

மறைமுகச் செலவு இங்கும் உண்டு. மெஷினோடு வருகிற விண்டோஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது, போர்டு போனால் லைசென்ஸும் போச்சு. தனிப்பெட்டியாக விற்பதை வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்போடு ‘இலவசமாக’ வந்த ஆஃபீஸ் ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ என்றால் அதன் உரிம வாசகத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். அது கடைக்கு என்று கொடுத்தது இல்லை. டீம்வியூவரின் இலவசப் பதிப்பும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். காசு கேட்கவில்லை என்பதாலேயே கடையில் போட்டுக்கொள்ளும் உரிமை வந்துவிடாது.

லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டிய இடம் கணக்கு நாற்காலி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரைவேட் லிமிடெட் உட்பட எந்தக் கம்பெனியும், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு பதிவிலும் நடந்த மாற்றத்தைத் தேதியோடு குறித்து வைக்கிற, அந்த வசதியை அணைக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆடிட்டர் அதைப் பார்த்துத் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். இந்த விதி வருவதற்கு முந்தைய ஒரு டேலியின் கிராக்கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார முடியாது. தனி உரிமையாளருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் டேட்டா அடிபட்டால் ஏஜென்டைக் கூப்பிடும் உரிமை லைசென்ஸ் உள்ளவருக்குத்தான்.

## கட்டற்ற மென்பொருள்

முதலில் ஒரு தெளிவு. கட்டற்ற மென்பொருள் என்றாலே லினக்ஸ் என்று நினைத்துப் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். லிப்ரே ஆஃபீஸ், போட்டோ திருத்தும் கிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப், பக்கம் கட்டும் ஸ்கிரைபஸ் எல்லாம் விண்டோஸிலேயே ஓடும். எத்தனை மெஷினிலும் ஏற்றலாம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், நகல் எடுத்துப் பக்கத்துக் கடைக்கும் கொடுக்கலாம். உரிமமே இதைத்தான் சொல்கிறது.

கடிதம், கொட்டேஷன், சாதாரணக் கணக்குத் தாள், மெயில், பிரவுசர் மட்டும் பார்க்கிற நாற்காலிக்கு லிப்ரே ஆஃபீஸ் போதும், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். விண்டோஸ் 11 ஏறாத நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம் மெஷின் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். எஸ்எஸ்டி ஒன்று மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். புது மெஷின் வாங்கும் காசு மிச்சம், அப்டேட்டும் தவறாமல் வரும்.

இப்போது சிக்கல்கள். முதலாவது பிரிண்டர். நம் ஊர் அலுவலகங்களில் ஊருக்கு ஊர் உட்கார்ந்திருக்கும் கேனான் எல்பிபி 2900 விண்டோஸில் சொன்னபடி கேட்கும், லினக்ஸில் ஆளைப் படுத்திவிடும். கேனானுக்கே உரிய தனி மொழியில் அது பேசுவதால், லினக்ஸின் பொது டிரைவர்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. லினக்ஸ் போடுவதற்கு முன்னால் முதல் வேலையாகப் பிரிண்டர் மாடலைப் பாருங்கள். இரண்டாவது அரசு வேலை. ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-9-இன் ஆஃப்லைன் படிவம் மேக்ரோ வைத்த எக்செல் கோப்பு, மைக்ரோசாஃப்ட் எக்செல் கேட்கும். லிப்ரே ஆஃபீஸில் அதை நம்பி உட்காராதீர்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸில் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. மூன்றாவது டேலி. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டிவிடலாம் என்பார்கள். ஓடும், ஆடிட்டர் வருகிற நாள் தவிர.

கணக்குக்கே கட்டற்றது வேண்டும் என்றால் மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது, ஜிஎஸ்டி, இ-இன்வாய்ஸ் எல்லாம் செய்யும். ஆனால் சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐந்து மெஷின் கடைக்கு அது பெரிய சட்டை. முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை, ஸ்டாக், உற்பத்தி, விற்பனை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவருக்கு நல்ல தேர்வு.

வரைபட நாற்காலியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். வெளியார் அனுப்பும் டிடபிள்யூஜி கோப்பை (ஆட்டோகேடின் வடிவம்) திருத்தித் திருப்பி அனுப்புவதுதான் பிழைப்பு என்றால் கட்டற்ற லிப்ரே கேடை நம்பாதீர்கள். ஆட்டோகேடுக்குப் போட்டியாக விலை குறைவாக விற்கும் இசட்டபிள்யூகேட் போன்றவற்றைச் சோதித்துப் பார்த்து வாங்குங்கள். சொந்தமாக ஜிக், ஃபிக்சர் வரைகிற பட்டறைக்கு 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்ட, கட்டற்ற ஃப்ரீகேட் போதுமானது.

மாற்றத்துக்குப் பழகும் நாள் ஒரு செலவு. 2007 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் அலுவலகத்தை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆஃபீஸுக்கும் மாற்றியது. மேலே இருப்பவரே பிடிவாதமாக நின்றதால் அது நடந்தது. மாறாக, தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் பார்த்த பிள்ளைகளில் அந்தப் பக்கம் போனவர்கள் மிகக் குறைவு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 மெஷின்களை லினக்ஸுக்கு மாற்றி முடித்து, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதற்கு அரசியலும் ஒரு காரணம். இருந்தாலும் வெளியாரோடு கோப்பு பரிமாறுவதில் இருந்த எரிச்சல் அங்கே பலமான புகார். கோப்பை நான் முதல் அளவுகோலாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

## தமிழ் அச்சு வேலை: தனிக் கணக்கு

கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் கட்டுகிற டிடிபி கடை வைத்திருப்பவருக்கு மேலே சொன்னது எதுவும் முழுசாகப் பொருந்தாது. அங்கே இன்னும் பக்கம் கட்டப் பேஜ்மேக்கர் 7 ஓடிக்கொண்டிருக்கிறது. 2001-இல் வந்த மென்பொருள், எல்லா மென்பொருளுக்கும் பொதுவான யூனிகோடு தமிழ் தெரியாதது, அடோபியே கைகழுவிவிட்டது. ஆக, நேர்வழியில் புது லைசென்ஸ் வாங்க நினைத்தாலும் கடையில் கிடைக்காது. இந்த நாற்காலிக்குக் கிராக்கா ஒரிஜினலா என்ற கேள்வியே இல்லை, எங்கே தாவுவது என்பதுதான் கேள்வி.

தாவும்போது காலை இடறுவது எழுத்துரு. யூனிகோடு அல்லாத பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பக்கத்தை வேறு மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். பேஜ்மேக்கர் கோப்பையே திறக்கும் வசதி லிப்ரே ஆஃபீஸ் டிராவில் இருக்கிறது. திறந்தாலும் உள்ளே இருப்பது அந்தக் கொட்டல்தான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் யூனிகோடாக்கித் தரும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், குறிப்பாகக் கிரந்த எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும். எழுத்துருவிலும் திருட்டு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். சிடியில் கைமாறிக் கைமாறி வந்த அந்த ஐந்நூறு தமிழ் ஃபான்டுகளில் எத்தனைக்கு உங்களிடம் பில் இருக்கிறது? திறந்த உரிமத்தில் காடமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை, கவிவனர், பவனம், நோட்டோ தமிழ் எல்லாம் கிடைக்கின்றன. பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ற அலங்கார எழுத்து அவற்றில் குறைவு. அதற்கு இரண்டு மூன்று எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்குங்கள், தப்பில்லை.

பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். 2024-இல் வந்த 1.6 பதிப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக அமைகிறது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதில்லை. நாலு கலர் பிரிப்பு, ஸ்பாட் கலர், அச்சுக்கான பிடிஎஃப் எல்லாம் செய்யும். படம் வரைய இங்க்ஸ்கேப் அருமை. கோரலின் சிடிஆரையும் ஓரளவு திறக்கும், நிழலும் சாயலும் அடிபடும். ஆனால் இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக பிளேட்டுக்கு அனுப்பினால் ஒரு ஆபத்து. அது ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான மூன்று நிறக் கணக்கில், பிடிஎஃப் தரும். பிளேட் எடுத்துத் தரும் சிடிபி சென்டரில் அது அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கே ஆகும்போது சாதாரணக் கறுப்பு எழுத்துகூட நான்கு பிளேட்டிலும் பிரிந்து விழும். மெஷினில் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை தப்பினால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரியும். ஆகவே வரைவது இங்க்ஸ்கேப்பில் இருக்கட்டும், எழுத்தை ஸ்கிரைபஸில் தனிக் கறுப்பில் வையுங்கள், பிடிஎஃப்பை அங்கிருந்து எடுங்கள். பிளேட்டுக்கு அனுப்பும் முன் அதன் பிரிவு முன்னோட்டத்தில் நீல, சிவப்பு, மஞ்சள் பிளேட்டுகளில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளெக்ஸ் கடைக்கும் லேபிள் கடைக்கும் வேலை அனுப்புகிறவரிடம் சிடிஆர்தான் கேட்பார்கள். அங்கே ஒரு மெஷினுக்குக் கோரல் லைசென்ஸ் வாங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான்கு டிசைனர் இருந்தால் நான்கு கோரல் வேண்டாம். மூவர் இங்க்ஸ்கேப்பில் செய்து, ஒருவர் வாங்கி இறுதிக் கோப்பாக்கலாம்.

## நாற்காலி வாரியாக

| நாற்காலி | என் தேர்வு | எப்போது மாற்றலாம் |
|---|---|---|
| கணக்கு, ஜிஎஸ்டி | உரிமம் உள்ள விண்டோஸ், டேலி; எக்செல் ஒன்று | பெரிய நிறுவனம், சொந்த சிஸ்டம் ஆள் இருந்தால் ஈஆர்பிநெக்ஸ்ட் |
| முன்கவுன்டர், கடிதம், மெயில் | லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆஃபீஸ் | பிரிண்டர் ஒத்துழைக்காவிட்டால் விண்டோஸில் லிப்ரே ஆஃபீஸ் |
| தமிழ்ப் பக்க வடிவமைப்பு | ஸ்கிரைபஸ், திறந்த எழுத்துரு | பதிப்பாளர் இன்டிசைன் கோப்பே கேட்டால் அடோபி வாடகை |
| லோகோ, ஃபிளெக்ஸ், லேபிள் | இங்க்ஸ்கேப். ஒரு மெஷினில் மட்டும் கோரல் | வெளியே போவது பிடிஎஃப் மட்டும் என்றால் கோரலும் வேண்டாம் |
| போட்டோ திருத்தம் | கிம்ப் | கல்யாண ஆல்பம் தினசரித் தொழில் என்றால் போட்டோஷாப் |
| கட்டட, பட்டறை வரைபடம் | விலை குறைந்த டிடபிள்யூஜி மென்பொருள் | கோப்பு வெளியே போகாவிட்டால் ஃப்ரீகேட் |

போட்டோஷாப் வரியில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 2025-இல் வந்த கிம்ப் 3.0 முன்னைவிடப் பல மடங்கு மேல்தான், தினமும் இருநூறு படம் திருத்துகிறவருக்கு மட்டும் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆக்‌ஷன் போட்டு ஓட்டிப் பழகிய கையை மாற்றுகிற செலவு வாடகையைவிட அதிகம்.

## மாற்றும் வரிசை

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். இப்போதிருக்கும் விண்டோஸிலேயே முதலில் லிப்ரே ஆஃபீஸைப் போட்டு, கோப்பு சேமிக்கும் வடிவத்தை டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று வைத்துவிட்டு, ஆட்களை இரண்டு மாதம் அதில் உட்கார வையுங்கள். புகார்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் புதுப் புகார் வராமல் நின்ற பிறகு, பிரிண்டர் ஒத்துவரும் ஒரு மெஷினில் மட்டும் மின்ட் போடுங்கள். அங்கே பாதிப் புகார் எழுத்துருதான். ஏரியலும் டைம்ஸும் இல்லாததால் பக்கம் நகர்ந்துவிடும், லிபரேஷன் எழுத்துருக்கள் அதே அகலத்தில் இருப்பதால் அவற்றைப் போட்டால் சரியாகும். தமிழ்99 விசைப்பலகை பழகியவருக்கு லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸில் அது உண்டு, பாமினி விசையில் பழகிய விரலுக்குச் சில வாரம் கஷ்டம்தான்.

பேஜ்மேக்கர் இருக்கும் மெஷினைக் கடைசியாகத் தொடுங்கள். அதை அழிக்கும் முன் பழைய வேலைகள் ஒவ்வொன்றையும் திறந்து எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பாக எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். போன வருஷக் காலண்டரில் தேதி மட்டும் மாற்றிக் கேட்டு வருகிற வாடிக்கையாளரின் வேலைகளை மட்டும் யூனிகோடில் புதிதாகக் கட்டினால் போதும்.